சூடேற்றினால் சவ்வு திறக்குமா, மூடுமா?

கேள்வி இது. எம்.எஸ்சி. படிக்கும் ஒருவர், நைலான் வலையின் மேல் வார்த்த பாலிமர் ஜெல் சவ்வை இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே பொருத்தி, ஒரு பக்கம் வைட்டமின் பி12 கரைசலும் மறுபக்கம் வெறும் நீரும் ஊற்றியிருக்கிறார். 25 டிகிரியில் பி12 ஒழுங்காகக் கடந்து வந்தது. 40 டிகிரிக்குச் சூடேற்றியதும் முதல் சில நிமிடங்கள் வேகம் கூடியது, அப்புறம் ஏறக்குறைய நின்றே போனது. "சூடு பட்டால் துளை திறக்கும் என்றுதான் படித்தேன். என் சவ்வு ஏன் தலைகீழாக நடக்கிறது? செய்முறையில் எங்கே தவறு?" என்று கேட்கிறார்.

உங்கள் செய்முறையில் தவறு இல்லை. நீங்கள் படித்ததும் தவறு இல்லை. அது வேறு வகைச் சவ்வைப் பற்றியது, அவ்வளவுதான். கரைபொருள் பாலிமருக்கு உள்ளேயே புகுந்து போகிறதா, பாலிமருக்குப் பக்கத்தில் உள்ள காலி இடத்தின் வழியாகப் போகிறதா? இந்த ஒரு கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிட்டால், சூடேற்றும்போது திறக்குமா மூடுமா என்பது தானாகவே தெரிந்துவிடும். இதைப் பிரித்துச் சொல்லாமல் "வெப்பத்துக்குத் துலங்கும் சவ்வு" என்று ஒரே பெயரில் இரண்டையும் அழைப்பதால்தான் இத்தனை குழப்பமும்.

பாலிமரிலிருந்து தொடங்குவோம். நீங்கள் பயன்படுத்தியது பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரிலமைடு. ஆய்வகத்தில் இவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை, பிநிப்பாம் என்றுதான் பேச்சு. இதன் கரைசல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை 1968-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெஸ்கின்ஸ், கில்லட் இருவரும் விவரமாக எழுதினார்கள். குளிர்ந்த நீரில் அது தெளிவாகக் கரைந்திருக்கும். சுமார் 32 டிகிரியைத் தாண்டியதும் ஓரிரு டிகிரிக்குள் கரைசல் பால் போல வெளுத்துவிடும். குளிர வைத்தால் மறுபடி தெளிந்துவிடும். வெல்லம் சூட்டில் அதிகம் கரையும், மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் சூட்டில் உருகும் என்று பழகிய நமக்கு இது நேர் எதிர். முட்டையின் வெள்ளைக்கருவும் சூட்டில் வெளுத்து இறுகும்தான். ஆனால் அது திரும்பி வராது, இது எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரும்.

காரணம் அந்த மூலக்கூறின் இரட்டைக் குணம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நீரை விரும்பும் அமைடு தொகுதி ஒன்று, நீரை விரும்பாத ஐசோபுரோப்பைல் தொகுதி ஒன்று. அமைடு நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. ஐசோபுரோப்பைலைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகளோ ஒரு கூண்டு மாதிரி ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒழுங்கு என்றால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) இழப்பு. அந்த இழப்பை வெப்பநிலையால் பெருக்கித்தான் கணக்கில் சேர்க்கிறோம் என்பதால், சூடு ஏற ஏற அதன் விலையும் ஏறுகிறது. 32 டிகிரிக்கு அருகில் ஹைட்ரஜன் பிணைப்பால் கிடைக்கும் லாபத்தை அந்த விலை விழுங்கிவிடுகிறது. நீர் விலகிப் போக, சங்கிலி சுருண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, நம் ஊரில் வேலை செய்பவர்களுக்கு. "அறை வெப்பநிலையில் தெளிவான கரைசல்" என்று ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும். அந்த அறை டோக்கியோவிலோ டொரான்டோவிலோ இருக்கிறது. ஏ.சி. ஓடாத சென்னை ஆய்வகத்தில் சித்திரை மாதப் பிற்பகலில் அறையே 32 டிகிரிக்கு மேல். அந்த நிலையில் ஜெல் வார்த்தால், பாலிமர் உருவாகும்போதே சுருண்டு படிந்து, வெள்ளையாக, உள்ளே பெரிய பெரிய ஓட்டைகளோடு வரும். போதாக்குறைக்கு இந்த வினையே வெப்பத்தை உமிழ்வது. அதனால் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து வார்ப்பதுதான் நல்லது. உங்கள் சவ்வு தெளிவாக வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

சரி, இப்போது உங்கள் சவ்வு. சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து வலையாக்கினால் அது கரையாது. அதற்குப் பதில் நீரை உறிஞ்சி உப்பும், சூட்டில் சுருங்கும். ஜெல் இப்படிச் சட்டென்று கன அளவு மாறக்கூடியது என்பதை 1978-இல் எம்.ஐ.டி.யில் இருந்த டொயொய்ச்சி தனாக்கா பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் காட்டினார். சில ஆண்டுகளில் பிநிப்பாம் ஜெல்லிலும் அவர் குழு அதையே, வெப்பநிலையை மட்டும் மாற்றி, காட்டியது. உப்பிய நிலையில் இந்த ஜெல்லில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். பி12 மூலக்கூறின் ஆரம் ஒரு நானோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அது போவது அந்த நீரின் வழியாகத்தான். அசைந்துகொண்டே இருக்கும் சங்கிலிகளுக்கு நடுவே தனக்குப் போதுமான அளவு ஓர் இடைவெளி திறக்கும்போதெல்லாம் அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. இதில் நிலையான துளை என்று எதுவும் இல்லை. நீரே பாதை. நீர் வெளியேறினால் பாதையும் போய்விடும்.

எவ்வளவு போய்விடும் என்பதற்கு 1960-களின் இறுதியில் யசுடாவும் அவர் கூட்டாளிகளும் கொடுத்த கட்டற்ற கன அளவுக் கோட்பாடு ஒரு எளிய கணக்கைத் தருகிறது. ஜெல்லுக்குள் விரவல் குணகம் (கரைபொருள் தானாகப் பரவும் வேகத்தின் அளவு), வெறும் நீரில் இருப்பதைப் போல எத்தனை மடங்கு என்பது ஓர் அடுக்குக்குறிச் சார்பு. அடுக்கில் வருவது, நீரின் பங்கின் தலைகீழியிலிருந்து ஒன்றைக் கழித்து, கரைபொருளின் பருமனைச் சார்ந்த ஒரு மாறிலியால் பெருக்கி, முன்னால் கழித்தல் குறி போட்டது. மாறிலி 2 என்று வைத்துப் பாருங்கள். நீர் 90 சதவீதம் இருக்கையில் விடை 0.80. நீர் 40 சதவீதமாகக் குறைந்தால் 0.05. பதினாறு மடங்கு வீழ்ச்சி. இன்னும் பருமனான ஒரு கரைபொருளுக்கு மாறிலி 5 என்று வையுங்கள்: 0.57 இருந்தது 0.00055 ஆகிவிடும், ஆயிரம் மடங்கு வீழ்ச்சி. இந்த மாறிலிகள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் சவ்வுக்கு நீங்கள்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் கதையின் சாரம் இதில் இருக்கிறது: சுருங்குவது எல்லாரையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. சோடியம் குளோரைடு தடுமாறும் இடத்தில் பி12 திணறும், இன்சுலின் நின்றே போகும். நீங்கள் பார்த்த "ஏறக்குறைய நின்றே போனது" இதுதான்.

அப்படியானால் முதல் சில நிமிடங்கள் வேகம் கூடியது ஏன்? ஈரத்துணியைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். சூடேற்றியதும் ஜெல் சுருங்கித் தன் நீரை வெளியே தள்ளுகிறது, அந்த நீரில் ஏற்கெனவே கரைந்திருந்த பி12-உம் சேர்ந்து வருகிறது. அது சவ்வைக் கடந்து வந்தது இல்லை, சவ்வுக்குள் தங்கியிருந்தது. சேமிப்பு தீர்ந்ததும் உண்மையான, குறைந்த வேகம் தெரிகிறது. சவ்வு தடிமனாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். மேற்பரப்பு முதலில் சூடாகி, முதலில் சுருங்கி, அடர்ந்த தோல் ஒன்றை உண்டாக்கிவிடும். உள்ளே இன்னும் நீர் இருக்கும், வெளியே வர வழி இருக்காது. காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் போல என்று சொல்லலாம். ஆனால் இங்கே அந்த ஆடை கதவாகவே வேலை செய்கிறது. டெருவோ ஒகானோ, யூ ஹான் பே, சுங் வான் கிம் ஆகியோர் பியூட்டைல் மெத்தக்ரிலேட் கலந்த பிநிப்பாம் ஜெல்லில் இதைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். வெப்பநிலையைக் கூட்டியும் குறைத்தும் இண்டோமெத்தசின் மருந்தை நிறுத்தி நிறுத்தி வெளிவிடச் செய்தார்கள். மருந்தை நிறுத்தியது முழு ஜெல்லின் சுருக்கம் அல்ல, அந்தத் தோல். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. கோளாறு என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்றை அவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள்.

இனி நீங்கள் படித்த மற்றச் சவ்வு. அதில் அடிப்படை வேறு. பாலிகார்பனேட்டோ பாலிஎஸ்டரோ போன்ற, சூட்டுக்கு அசையாத ஒரு தாளில் நிஜமான துளைகள் இருக்கும். அந்தத் துளைகளின் சுவரில் பிநிப்பாம் சங்கிலிகளை ஒரு முனையில் ஒட்டி வளர்ப்பார்கள். குளிரில் சங்கிலிகள் நீரோடு நீண்டு துளையின் வாயை நிரப்பும். சூட்டில் அவை சுருண்டு சுவரோடு படிந்துவிட, நடுவில் வழி திறக்கும். இங்கே கரைபொருள் பெரும்பாலும் போவது பாலிமருக்குப் பக்கத்தில். பாலிமர் சுருங்கச் சுருங்க வழி பெரிதாகிறது. ஒரே பாலிமர், ஒரே 32 டிகிரி, விளைவு மட்டும் எதிர்ப்பக்கம்.

இதிலும் எண்கள் போட்டுப் பார்த்தால்தான் புரியும். துளையின் ஆரம் 100 நானோமீட்டர் என்று வையுங்கள். குளிரில் பாலிமர் அடுக்கு 30 நானோமீட்டர், சூட்டில் 10. விரவலால் கடப்பதற்குக் கணக்கு ஆரத்தின் இருபடி: 49 சதவீதம் திறந்திருந்தது 81 ஆகிறது, இரண்டு மடங்குகூட இல்லை. அழுத்தம் கொடுத்து நீரைத் தள்ளினால் கணக்கு ஆரத்தின் நான்காம் படி: 24 சதவீதம் 66 ஆகிறது, 2.7 மடங்கு. அடுக்கு 80-லிருந்து 20-க்குச் சுருங்குவதாக வைத்தால் விரவலில் 16 மடங்கு, அழுத்த ஓட்டத்தில் 256 மடங்கு. ஆகவே "நூறு மடங்குக்கு மேல் திறக்கிறது" என்று யாராவது சொன்னால், நீரை அழுத்தித் தள்ளி அளந்தார்களா, கரைபொருள் தானாக விரவுவதை அளந்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு அளவு. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு மனம் தளர்ந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே சொன்ன கணக்கில் உப்பிய அடுக்கைத் திடச்சுவர் மாதிரி எடுத்துக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. உப்பிய அடுக்கிலும் பெரும்பகுதி நீர்தானே? குளுக்கோஸ் போன்ற சிறிய மூலக்கூறுக்கு அது கதவே இல்லை, கொசுவலைக்குள் காற்று போவது போலப் போய்விடும். கதவு மூடியிருப்பது புரதம் போன்ற பெரியவற்றுக்குத்தான். அதனால் ஒட்டு வகைச் சவ்வில் குளுக்கோஸை வைத்துச் சோதித்துவிட்டு "சவ்வு வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டுவது அவசரம்.

இரண்டு வகைக்கும் நடுவே ஒரு நிலமும் இருக்கிறது. துளைக்குள் பாலிமரைக் கொஞ்சமாக வளர்த்தால் சூட்டில் திறக்கும். மேலும் மேலும் வளர்த்தால் துளை முழுக்க அடைபட்டு, சூட்டில் சுருண்டாலும் நடுவில் வழி விடாது. அப்போது கரைபொருளுக்குப் பாலிமருக்குள்ளேயே போவதைத் தவிர வேறு பாதை இல்லை, சவ்வு உங்கள் ஜெல்லைப் போல நடக்கத் தொடங்கும்: சூட்டில் குறையும். சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் சூ லியாங்யின் குழுவினர் ஒட்டின் அளவை மட்டும் மாற்றி இந்தத் திசைமாற்றத்தைக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. பாலிமர் அதே, தாள் அதே, எவ்வளவு நிரப்பினோம் என்பதே திசையைத் தீர்மானித்துவிட்டது.

இதுவரை விரவலைப் பற்றி மட்டுமே பேசினேன். ஊடுருவும் தன்மை என்பது விரவல் குணகத்தைப் பங்கீட்டுக் குணகத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தது. பங்கீட்டுக் குணகம் என்றால், வெளியே உள்ள கரைசலோடு ஒப்பிடும்போது சவ்வுக்குள் கரைபொருள் எவ்வளவு தங்க விரும்புகிறது என்பது. சுருண்ட பிநிப்பாம் நீரை விரும்பாத ஒரு பொருள். பி12, குளுக்கோஸ் போன்றவை அதனுள் போக விரும்பா. ஸ்டீராய்டு போன்ற எண்ணெய்க் குணமுள்ளவையோ அதில் ஒட்டிக்கொள்ளும். சூட்டில் அவற்றின் விரவல் குறையும், ஆனால் பங்கீடு கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பார்ப்பதற்கு எதுவுமே மாறாதது போலத் தோன்றவும் கூடும். இந்தப் பங்கீட்டை மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்தியதுதான் 1996-இல் கனசாவா, ஒகானோ குழுவினர் வெளியிட்ட நிறப்பிரிகை முறை. சிலிக்கா மணிகளில் பிநிப்பாமை ஒட்டி, கரிமக் கரைப்பான் இல்லாமல் வெறும் நீரையே ஓடவிட்டு, வெப்பநிலையை மாற்றியே ஸ்டீராய்டுகளைப் பிரித்தார்கள். சூடு கூடக் கூட ஸ்டீராய்டு அந்த மணிகள் நிரப்பிய குழாய்க்குள் அதிக நேரம் தங்கியது. எனவே உங்கள் சவ்வில் மருந்து எதையாவது சோதிக்கப் போகிறீர்கள் என்றால், சவ்வின் ஒரு துண்டை அந்த மருந்துக் கரைசலில் போட்டு, கரைசலின் செறிவு எவ்வளவு குறைகிறது என்று இரண்டு வெப்பநிலைகளிலும் தனியாக அளந்துவிடுங்கள்.

அளவீட்டில் சில இடங்களில் கால் வழுக்கும். முதலாவது, நீர். 25 டிகிரியில் நீரின் பாகுத்தன்மை 0.89 மில்லிபாஸ்கல் நொடி, 40 டிகிரியில் 0.65. ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் இதையும் தனி வெப்பநிலையின் ஏற்றத்தையும் போட்டால், எந்த மாயப் பாலிமரும் இல்லாமலே விரவல் சுமார் 1.4 மடங்கு கூடும். ஒட்டு வகைச் சவ்வில் 1.5 மடங்கு கூடியது என்று யாராவது மகிழ்ந்தால், அதில் பெரும்பகுதி நீரின் வேலை. பாலிமர் ஒட்டாத வெறும் தாளை வைத்து ஒரு முறை ஓட்டினால்தான் இதைக் கழிக்க முடியும்.

இரண்டாவது, ஓரக் கசிவு. கன அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்கும் ஜெல் எல்லாப் பக்கமும் ஏறத்தாழப் பாதியாகும். 20 மில்லிமீட்டர் வட்டு 9 மில்லிமீட்டர் வட்டாகிவிடும். வலை எதுவும் இல்லாத ஜெல் வட்டு ஒன்றைக் கவ்விப் பிடித்து நான் சோதித்தபோது, சூட்டில் ஊடுருவல் அபாரமாகக் கூடியது. இரண்டு நாள் அந்த எண்களை நம்பினேன். பிறகு கரைசலில் நீல டெக்ஸ்ட்ரானை, அதாவது நீலச் சாயம் ஏற்றிய பெரிய சர்க்கரைச் சங்கிலியை, சேர்த்துப் பார்த்தேன். அதன் மூலக்கூறு நிறை சுமார் 20 லட்சம், ஜெல்லுக்குள் நுழையவே முடியாது. மறு அறை நீலமானது. வட்டு சுருங்கி ஓரத்தில் விட்ட இடைவெளி வழியாகத்தான் எல்லாம் போயிருக்கிறது. அன்றிலிருந்து நீல டெக்ஸ்ட்ரான் இல்லாமல் எந்த ஜெல் சவ்வையும் நான் அளப்பதில்லை. நீங்கள் நைலான் வலையில் வார்த்தது மிக நல்ல முடிவு, அது பக்கவாட்டுச் சுருக்கத்தைத் தடுத்து, தடிமனை மட்டும் குறைய விடுகிறது. ஆனால் அந்தத் தடிமனை 40 டிகிரியிலும் அளந்தீர்களா? 25 டிகிரித் தடிமனையே இரண்டு கணக்கிலும் போட்டால் விரவல் குணகம் தவறாக வரும்.

மூன்றாவது, பொறுமை. நிலையான ஓட்டம் வருவதற்கு முன் ஒரு தாமதம் இருக்கும். அது தடிமனின் இருபடியை விரவல் குணகத்தின் ஆறு மடங்கால் வகுத்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள உப்பிய ஜெல்லில் பி12-க்கு இது 10 நிமிடம் அளவுக்கு வரும், சுருங்கிய ஜெல்லில் அதைப் போலப் பல மடங்கு. ஜெல் முழுதாகச் சுருங்கி முடிக்கும் நேரமும் இருபடிதான்: தடிமனைப் பத்தில் ஒன்றாக்கினால் நூறு மடங்கு சீக்கிரம் முடியும். வேகம் வேண்டுமென்றால் சவ்வை மெல்லியதாக வார்த்துக்கொள்ளுங்கள். பாலிமர் வேதியியலில் எவ்வளவு புத்தி செலவழித்தாலும் தடிமனைக் குறைப்பதற்கு ஈடாகக் கிடைப்பது குறைவு என்பது என் கருத்து. அறைகளை நன்றாகக் கலக்கிக்கொண்டே இருக்கவும் மறக்க வேண்டாம். கலக்காவிட்டால் சவ்வை ஒட்டி நிற்கும் அசையாத நீரடுக்கையும் சேர்த்தே அளந்துகொண்டிருப்பீர்கள்.

அப்புறம், 32 என்பது வெறும் நீரில் உள்ள எண். உடலில் உள்ள அளவு உப்பு இருந்தாலே ஓரிரு டிகிரி இறங்கிவிடும், சல்பேட்டு உப்புகள் இன்னும் பலமாக இறக்கும். நீரை விரும்பும் அக்ரிலமைடைக் கொஞ்சம் கலந்து பாலிமர் செய்தால் அந்த எண் ஏறும், பியூட்டைல் மெத்தக்ரிலேட்டைக் கலந்தால் இறங்கும். உடல் வெப்பநிலையான 37-க்கு மேலே கதவு வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்படித்தான் சரிசெய்கிறார்கள். தாங்கல் கரைசலை மாற்றினால் மாறு வெப்பநிலையையும் மறுபடி அளந்தாக வேண்டும். வினைபுரியாமல் மிஞ்சிய மோனோமர் (பாலிமரைக் கட்டும் சிறு மூலக்கூறு) நஞ்சு என்பதால், வார்த்த சவ்வைச் சில நாட்கள் நீரை மாற்றி மாற்றிக் குளிரிலும் சூட்டிலுமாக அலசிவிட்டே கையாளுங்கள். செல்களோடு பயன்படுத்துவதாக இருந்தால் இதில் சலுகையே இல்லை.

உங்கள் சவ்வுக்கு அடுத்து நான் செய்யக்கூடியது இது: அதே சவ்வில் சோடியம் குளோரைடு, பி12, லைசோசைம் என்ற புரதம் மூன்றையும் தனித்தனியாக, 25-இலிருந்து 40 வரை மூன்று டிகிரிக்கு ஒரு முறை நிறுத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிழிந்து வந்த பகுதி தீரும் வரை காத்திருந்து அளப்பது. பிறகு 40-இலிருந்து கீழே இறங்கியும் அதே அளவீடுகள். ஏறும்போது கிடைத்த வளைகோடும் இறங்கும்போது கிடைத்ததும் ஒன்றின் மேல் ஒன்று விழாவிட்டால், மேலே சொன்ன தோல் உங்கள் சவ்விலும் உண்டாகிறதா என்று தேடுங்கள். அதற்குச் சவ்வை 40 டிகிரிக்கு ஒரேயடியாக ஏற்றாமல் மெதுவாக ஏற்றி ஒரு முறை ஒப்பிட்டாலே போதும்.